நெட்டைத் துரை கொண்டுபோன உறுமி

கோலசிலாங்கூர்,
17 ஆகஸ்டு 2025, ஞாயிறு.

அன்புள்ள மகள் ரூபினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் மருந்து மாத்திரைகளின் துணையோடு நலமாகவே இருக்கிறோம். நீ நலம் என்று தொலைபேசியில் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன், மீதியை உன் குரலிலிருந்து நானே கணித்துக்கொள்கிறேன், சென்ற வாரம் அந்தக் குரல் சரியாக இல்லை. அம்மாவின் வலக்கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றே சமையலறைக்குள் போய், ஒரு மாதமாக நான் துடைத்துவைத்த அடுப்பைப் பார்த்துவிட்டு, கண் தெரியாமலே இருந்திருக்கலாம் என்றாள். உன் தம்பி சரண் ஞாயிறுதோறும் ரவாங்கிலிருந்து வந்துபோகிறான். செகிஞ்சான் பக்கம் நடவு முடிந்து வயல் பச்சை கட்டியிருக்கிறது, அதைப் படமெடுக்க வருகிறவர்களின் கார்களால் சனிக்கிழமையில் சுங்கை பெசார் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. இதையெல்லாம் கைப்பேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதற்குமேல் நான் எழுதுவது தேதியோடும் கையெழுத்தோடும் உன் கையில் இருக்கவேண்டியது, ஆகவே விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். முழுவதும் படித்து முடிக்கும்வரை எனக்கு ஃபோன் செய்யாதே.

நீ படமெடுத்து அனுப்பிய, உன் ஸ்காட்லாந்து ஊரான இன்வர்டார்வியின் கலை மரபு வாரத்து நிகழ்ச்சிநிரலை அலுவலகத்தில் அச்செடுத்து இரண்டு முறை படித்தேன். செப்டம்பர் 8 திங்களன்று பிடில் இசை, செவ்வாயன்று அவர்களுடைய பழைய கேலிக் மொழிப் பாட்டு, புதன்கிழமை கம்பளி நூற்றுக்காட்டுவது, வியாழக்கிழமை இடிந்த ஆலைக்கு நடைப்பயணம், சனிக்கிழமை 13ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு ஊர் மண்டபத்தில் ‘எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து உலகுக்கு’ என்னும் கண்காட்சித் திறப்பு, மாலையில் ஊரே கூடி ஆடும் நடனம். நானூறு பேர் மட்டும் வாழும் ஊர் இத்தனையையும் எழுதிவைத்துக் காப்பாற்றுகிறது என்பதை மதிக்கிறேன், இதை உள்ளபடியே சொல்கிறேன். தங்கள் முப்பாட்டன் எந்த ஆலையில் எந்தக் கல்லில் மாவு அரைத்தான் என்று பலகை நட்டுவைத்திருப்பவர்களுக்கு நம் பேச்சு புரியாமல் போவதற்குக் காரணம் ஏதும் இல்லை. நிரலின் கடைசி வரியையும் கவனித்தேன். எல்லோரும் வருக, முன்பதிவு தேவையில்லை என்று இருக்கிறது. அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

இனி அந்தக் கண்காட்சிக் குழுத் தலைவி திருமதி கேரிக் உனக்கு எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் மண்டபத்தை ஒழுங்குபடுத்த நீ உதவிக்குப் போனபோது சுவரில் மாட்டியிருந்த உறுமியைப் பார்த்தாய். ‘மலாயாக் காட்டுவாசிகளின் போர் முரசு, நன்றியுள்ள தொழிலாளர்கள் திரு. ஹாமிஷ் டோரன்ஸுக்கு அளித்த பரிசு’ என்று அதன் கீழே எழுதியிருந்தது. உறுமியைத் தேய்க்கிற வளைந்த குச்சியைத் தனியே வேறு சுவரில் வைத்து ‘ஆட்டிடையன் கோல்’ என்று போட்டிருந்தார்கள். இது கோயில் மேளம், இந்தத் துரை இருந்தது எங்கள் தாத்தா வேலை செய்த தோட்டம், எங்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், சனிக்கிழமை திறப்பின்போது இரண்டு நிமிடம் பேசுகிறேன் என்று, நான் தூண்டியபடி, நீ கேட்டாய். அவர் எழுதிய பதில் மிகவும் இனிமையானது. அன்று எல்லோரும் மகிழ்ந்திருக்கவேண்டிய நாள், டோரன்ஸின் பேரன் குடும்பத்தோடு வருகிறார், விளக்க அட்டையைப் பிற்பாடு பரிசீலிப்போம், நீ அன்று சேலை கட்டிக்கொண்டு உன் நாட்டுக் கறி சமைத்து வந்தால் ஊர் முழுவதும் மகிழும் என்கிறார். நாற்பது ஆண்டுகளாக வக்கீலாகக் கடிதம் படிப்பதே என் தொழில். பரிசீலிப்போம் என்ற சொல்லுக்குத் தேதி இல்லை. கறிக்கு மட்டும் தேதியும் நேரமும் இருக்கிறது. நீ என்னிடம் கேட்டது, ஒதுங்கிவிடவா என்பது. ஊருக்கு ஒரே மருந்துக் கடை, அதில் நிற்பது நீ ஒருத்தி, நாளைக்கு அதே முகங்கள் மருந்துச்சீட்டோடு வந்து நிற்கும், அவை திரும்பிக்கொண்டால் அந்தக் குளிரில் நீ யாரோடு பேசுவாய் என்று அழுதாய். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு என் பதில் கடைசியில் வரும். முதலில் நடந்தது என்னவென்று தெரிந்துகொள்.

எனக்கு நேரடியாகத் தெரிந்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்தே எழுதுகிறேன். ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. மேல் லயத்துக்கு மண்டோர், அதாவது கங்காணி, உன் தாத்தா இராமையா, கீழ் லயத்துக்குப் பெரியவர் சேது, உறுமி அடிப்பவரும் அவரே. 1962ஆம் ஆண்டு மாரியம்மன் திருவிழாவில் ஊர்வலம் புறப்பட்டு உறுமி முதலில் எந்த லயத்து வாசலில் முழங்குவது என்று சண்டை வந்தது. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. நெட்டைத் துரை என்று நம்மவர் அழைத்த தோட்ட மேலாளர் இந்த டோரன்ஸ் வந்து உறுமியைப் பிடுங்கி ஆபீஸ் ஸ்டோரில் வைத்துப் பூட்டினார். இராமையாவும் சேதுவும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டால் தருகிறேன் என்றார். அவன் முதலில் கிளம்பட்டும், நான் பின்னால் வருகிறேன் என்று இருவருமே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் தாத்தா அப்படிச் சொன்னதை என் அம்மா வாயால் கேட்டிருக்கிறேன். இரண்டு திருவிழா வேறு தோட்டத்து மேளத்தை வைத்தே நடந்தது. 1964இல் துரை ஊர் திரும்பினார். அப்போது எனக்கு வயது ஐந்து, ஆகவே அதற்குமேல் நான் சாட்சி இல்லை. சாட்சி ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் சென்ற மாதம் நானும் அம்மாவும் சுங்கை பெசாருக்குப் போனோம்.

சேதுவின் மகள் அன்னம்மா. எழுபத்தொன்பது வயது, மூட்டு வலி, மகன் வீட்டில் இருக்கிறார். நம் இரு குடும்பமும் ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போனதில்லை என்பது உனக்குத் தெரியும், காரணம் தெரியாமல் வளர்ந்தாய், இதுதான் காரணம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். “வாய்யா வக்கீலு, உங்கப்பா சாகுற வரைக்கும் எங்க வாசல மிதிக்கல, மகன் வெறுங்கால்ல நிக்கிறாரு, உள்ள வா, உக்காந்தா குத்தமில்லலா” என்றார். அம்மாவைப் பார்த்து, “ஏம்மா புஷ்பா, இவுரு வீட்லயும் இப்படித்தான் கதவுகிட்டயே நிப்பாரா” என்று கேட்டார். உன் அம்மா அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை, இருவரும் வெகு நேரம் சிரித்தார்கள்.

நீ அனுப்பிய படத்தை நான் உடனே காட்டவில்லை. காட்டிவிட்டுக் கேட்டால் சாட்சியம் கெட்டுவிடும். உங்கள் அப்பாவின் உறுமி எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். பலா மரம், இடுப்பில் ஒரு விரிசல், அது பெரிதாகாமல் இருக்க அப்பா பழைய சதுரக் காசு இரண்டை அடித்துத் தட்டையாக்கி ஆணி வைத்து அறைந்தார், ஒரு காசில் ராஜா தலை இன்னும் தெரியும் என்றார். அதன்பிறகே கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். அவர் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். “தோலு போயிருச்சு. காசு ரெண்டும் இருக்குய்யா” என்றார். ரூபினி, நீ உன் படத்தைப் பெரிதாக்கிப் பார், இடப்பக்கம் இரண்டு சதுரங்கள் தெரியும்.

இனி நம் தரப்பின் பலவீனமான இடம். துரை புறப்படுவதற்கு முந்திய வாரம், காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், கணக்கெழுதும் கிராணியை விட்டு உறுமியை வெளியே கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் தமிழிலேயே கேட்டிருக்கிறார். அன்னம்மா அன்று பதினெட்டு வயதுப் பால்வெட்டுக்காரி, வாளியோடு வரிசையில் நின்றவர். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “தொர கேட்டாரு, இந்த மேளம் யாருக்கு வேணும், கைய தூக்குன்னு. எங்கப்பா உங்கப்பா மொகத்த பாத்தாரு, உங்கப்பா எங்கப்பா மொகத்த பாத்தாரு. ரெண்டு பேருமே தொர மொகத்த பாக்கல. அறுவது பேரு நிக்கிறோம், ஒரு கை மேல போகல. தொர கொஞ்ச நேரம் நின்னாரு, அப்புறம் கிராணிகிட்ட பெட்டில போடுன்னாரு.” கையைத் தூக்கியவன் தோற்றவன் ஆகிவிடுவான், அவ்வளவே விஷயம். நம்மவர் இருவரின் வாயும் மூடியிருந்தது ஒருவருக்கொருவர் காட்டிய வீம்பு. துரை அதைத் தமக்குச் சொன்ன சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவர் எடுத்துக்கொண்டதில் கெட்ட எண்ணம் இருந்தது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஆகவே அப்படிச் சொல்லமாட்டேன். நீயும் சொல்லக்கூடாது.

இதைக் கோயில் தலைவர் புவனேசனிடம் சொன்னேன். தோட்டம் போய் வீடமைப்பு வந்தபிறகு சாலையோரம் அரை ஏக்கரில் கோயிலை நிறுத்திவைத்திருப்பவர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கு வேறு யோசனை. “அங்கிள், வெள்ளைக்காரன் திருடிட்டுப் போயிட்டான்னு ரெண்டே வரி போடுங்கலா, பேஸ்புக்ல போட்டா ராத்திரிக்குள்ள பத்திக்கும். நம்மாளுங்க மண்டைய ஒடைச்சிக்கிட்டத எல்லாம் எதுக்கு அவன்கிட்ட சொல்லணும், மானம் போவுது” என்றார். முடியாது என்றேன். குரல் உயர்த்திச் சொன்னேன், அம்மா அடுத்த அறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். திருட்டு என்று எழுதினால் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியில் நான் விழுவேன், அந்த ஒரு பொய்யோடு மற்ற உண்மையெல்லாம் விழும். நம் சண்டை, நம் வீம்பு, நம் மௌனம் எல்லாவற்றையும் நாமே வாய் திறந்து சொல்வோம், சொல்லிவிட்டு அதே மூச்சில் எங்கள் உறுமியைக் கொடுங்கள் என்று கேட்போம். நம் குற்றத்தை நாமே சொன்னபிறகு நம்மை மடக்க அவர்களிடம் என்ன மிச்சம் இருக்கும்? பரிசு என்ற சொல் பொய். பிடுங்கிவைத்த பொருள் அது, கேட்டால் தருவேன் என்று நிபந்தனை சொல்லிப் பூட்டிவைத்த பொருள். காட்டுவாசி, போர் என்பவையும் பொய். இந்த மூன்று பொய்களின் கீழே நின்று என் மகள் கறி பரிமாறமாட்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பாய். ஸ்காட்லாந்துச் சட்டம் எனக்குத் தெரியாது, தெரியாததைப் பேசுவது என் வழக்கம் இல்லை. அங்குள்ள வழக்கறிஞர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். இத்தனை காலம் கடந்துவிட்டதால் நீதிமன்றத்தில் வெல்வது மிகவும் கடினம் என்று நேர்மையாகப் பதில் எழுதினார். வழக்குப் போட்டால் தோற்போம் என்றே நானும் கருதுகிறேன். நல்லது, நீதிமன்றத்துக்குப் போகவில்லை. எல்லோரும் வருக என்று அவர்களே எழுதிய மண்டபத்துக்குப் போவோம்.

சத்தியப் பிரமாண வாக்குமூலம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி மறுபடியும் சுங்கை பெசாருக்குப் போனேன். நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது, உன் தாத்தா கை தூக்காததும் இருக்கிறது. அன்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலேயே நின்றார். “யாரு பேரு மொதல்ல?” என்றார். இராமையா, சேது என்று தட்டச்சு செய்திருந்தேன். அகர வரிசைப்படி போட்டது, அதற்கு வேறு பொருள் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “அகர வரிசையா? அந்த வரிசையிலதான்யா மண்டை ஒடஞ்சிச்சு” என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு எழுந்து பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற அச்சுக்கடைக்கு நடந்துபோய், சேது பெயரை முதலிலும் இராமையா பெயரை அடுத்தும் வைத்து மாற்றி எடுத்துவந்தேன். அந்த நடை பத்து நிமிடம். உன் தாத்தா அதற்குப்பின் பதினைந்து ஆண்டு அதே தோட்டத்தில் இருந்தும் அதை நடக்கவில்லை, நானும் இத்தனை காலம் நடக்கவில்லை. மறுநாள் காலை சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் இருவரும் கையெழுத்திட்டோம். மூலப்படி இதனோடு இருக்கிறது, மடிக்காமல் வை.

கையெழுத்திட்ட பிறகு காரில் திரும்பும்போது அன்னம்மா கேட்டார். “காயிதம் போதுமா? ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கன்னுதானே தொர சொன்னாரு, காயிதம் வந்து வாங்கிக்கும்னா சொன்னாரு?” நான் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டேன். என் தொழிலில் எனக்குத் தோன்றியிருக்கவேண்டிய வாதம் அது. நிபந்தனை நேரில் வருவது, எனவே நேரில் வருவதே அதை நிறைவேற்றும். அவருடைய மகன் மூட்டையும் குளிரையும் சொல்லித் தடுத்தார். அதற்கு அவர், “கால் நோவுறது எனக்கு, பிளேன்லதானே போறேன், நடந்தா போறேன்” என்றார். அவர் கடப்பிதழ் எடுத்தாகிவிட்டது. உன் அம்மாவின் கண் மருத்துவர் பயணத்துக்கு அனுமதி தந்துவிட்டார். சரண் பயணச்சீட்டும் அந்நாட்டில் நுழைவதற்கான இணைய அனுமதியும் பதிந்துவிட்டான். அன்னம்மா, நான், அம்மா, மூவரும் செப்டம்பர் 11 வியாழன் மாலை இன்வர்னஸ் வந்து இறங்குகிறோம்.

ஒளிந்து வருவது எனக்குப் பிடிக்காது. திருமதி கேரிக்குக்கும் டோரன்ஸின் பேரனுக்கும் பதிவு அஞ்சலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஆள் யார், கேட்பது என்ன, எந்த நேரத்தில் வருவோம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எங்களை வரவேண்டாம் என்று எழுதினால் அவர்களுடைய நிகழ்ச்சிநிரலின் கடைசி வரியைத் திருப்பி அனுப்புவேன். பேச நேரம் இல்லை என்றால் உறுமியின் கீழே நிற்போம், நிற்பதற்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை. கொடுக்க மறுத்தால், அதையும் ஊர் முன்னால் வாய் திறந்து மறுக்கட்டும். யாருக்கு வேண்டும் என்று அந்தப் பெரட்டில் கேட்ட கேள்விக்கு எங்களுக்கு என்று அறுபத்தோரு ஆண்டு தாமதமாகவேனும் இரண்டு கை ஒன்றாக மேலே போகும். அதை அவர்கள் எந்த அட்டையில் எழுதுவார்கள் என்று பார்ப்போம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஒதுங்கவா என்று கேட்டாய். உரிமை கோருபவர்கள் சேதுவின் மகளும் இராமையாவின் மகனும். நீ அந்த ஊரில் வசிப்பவள், மருந்துக் கடையில் நிற்பவள், அந்த முகங்களோடு வாழவேண்டியவள். கேட்கும் பாரத்தை உன் தலையில் வைத்தது என் தவறு, அதை இன்றைய தேதியோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிடப் பேச்சுக்கு நீ கேட்ட அனுமதி இனித் தேவையில்லை, அதை மரியாதையாகத் திரும்பப் பெற்றுக்கொள். எல்லோரையும் போல நீயும் நாற்காலியில் உட்கார்ந்திரு. ஆனால் கறி சமைக்காதே, அன்று உன் கையில் கரண்டி இருந்தால் பேச்சின் நடுவே உன்னை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே சமைக்கத் தயாராக இருக்கிறாள், உறுமி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சமைப்பாள், அதை நீயே ஊருக்குச் சொல்லலாம். நாங்கள் முன்கதவு வழியாக வருவோம். அந்த நேரத்தில் எழுந்து வந்து எங்களோடு நிற்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நில். தோன்றாவிட்டால் உட்கார்ந்திரு, அதற்காக நான் ஒருநாளும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டேன்.

யாருக்கும் தலை குனியாமல், எவரையும் குனியவைக்காமல், நிறைந்த ஆயுளோடு நீ வாழ மாரியம்மன் துணையிருப்பாள். அம்மாவும் தன் ஆசியை இதில் சேர்க்கச் சொன்னாள்.

மறக்காமல் செய்யவேண்டியது: கீழ்த்தளத்தில் ஓர் அறை, கனமான கம்பளிக் காலுறை மூன்று சோடி, மண்டபத்தின் கதவருகே கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று. சக்கர நாற்காலி என்ற பேச்சை அன்னம்மாவிடம் எடுக்காதே, நான் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உன்னை நம்பியிருக்கும் அப்பா,
இரா. லிங்கேஸ்வரன்